அந்த அழகான பாட்டையே முழுக்கப் பாடக் கூடாதா?

(இசை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறவர், திருத்துறைப்பூண்டியில் 31 ஆண்டுகளாக மைக் செட் நடத்திவருபவர்.)

மன்னார்குடியிலிருந்து ஒரு தாயார்: என் மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். லீவுக்கு வந்தால் மாடி அறையில் ஒரே இரைச்சல். யாரோ அடிபட்ட மாதிரி கத்துகிறார். ஆனால் நடுநடுவே ஒருவர் அவ்வளவு அழகாகப் பாடுகிறார். நானே மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த அழகான பாட்டையே முழுக்கப் பாடக் கூடாதா? அவன் போனில் இருந்த பெயரைப் பார்த்து எழுதியிருக்கிறேன்: கில்ஸ்விட்ச் எங்கேஜ், அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங். இதில் என்னதான் இருக்கிறது?

அம்மா, மாடிப்படியில் நின்று கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்துகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள்தான். ஜெஸ்ஸி லீச் என்று பெயர். இந்தக் குழு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரிலிருந்து வந்தது. இந்த ஆல்பம் 2002 மே மாதம் வெளியானது. மெட்டல்கோர் என்று இந்த வகைக்குப் பெயர். ஹெவி மெட்டல் என்கிற ராக் இசையின் கனத்தையும், ஹார்ட்கோர் பங்க் என்கிற ஆவேசமான இசையையும் சேர்த்துக் கட்டியது. உங்கள் மகன் அப்போது பிறந்தே இருக்க மாட்டான். இத்தனை வருஷம் கழித்து அவன் அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறான் என்றால் காரணமில்லாமல் இல்லை.

நான் இதை முதலில் கேட்டது கஜா புயல் சமயத்தில். 2018 நவம்பர் 16. விடியும்போது எங்கள் தெருவில் ஒரு கரண்ட் கம்பம் நிற்கவில்லை. குடோன் கூரைத் தகரம் பறந்துபோய், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் நனைந்து கிடந்தன. கடையில் ஜெனரேட்டர் மட்டும் தப்பித்தது. டீசல் கிடைக்கிறபோது காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். வீட்டு வாசலில் செல்போன் சார்ஜ் போட ஊரே வரிசையில் நிற்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறவர்கள், உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லத்தான் சார்ஜ் போட வந்தார்கள். நான்காம் நாள் அக்கா மகன் சென்னையிலிருந்து அரிசியும் இரண்டு கேன் டீசலும் எடுத்துக்கொண்டு வந்தான். ராத்திரி விழுந்த தென்னைமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். "மாமா, இதக் கேளுங்க" என்று இயர்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினான்.

முதல் தடவை கேட்டபோது புயல் திரும்பி வந்த மாதிரிதான் இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம் சொன்னான். உயிரோடு இருக்கிறோமா, சும்மா மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறோமா? இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை இழந்துவிட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரை அன்று சாயங்காலம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இயர்போனை மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

'மை லாஸ்ட் செரனேட்' என்று ஒரு பாட்டு. உங்களை மாடிப்படியில் நிறுத்தியதும் அதுவாகத்தான் இருக்கும். அதில் கத்திவந்த குரல் ஒரு இடத்தில் வாய்விட்டுப் பாட ஆரம்பிக்கிறது. நன்றாகக் கேளுங்கள், அந்தப் பாட்டில் கத்திய களைப்பு இருக்கிறது. தொண்டை அப்போதுதான் பெரிய வேலை ஒன்றைச் செய்துவிட்டு வந்திருக்கிறது. கண்ணாடி அறையில் புத்தம்புதிதாக வந்து நின்று பாடுகிற குரலுக்கு அந்த ஈரம் வராது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் அத்தை. அப்பா இறந்த அன்று, வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். அலறியபடியே இருக்கும்போது, மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில், அவள் குரல் தானாக ராகத்தில் ஏறியது. "நான் பொறந்த சீமையிலே" என்று தொடங்கி இழுத்தாள் பாருங்கள், பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என் கடைப் பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மறுபடி அலறல். மறுபடி ராகம். ஒப்பாரியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அத்தையிடம் போய், அலறலை விட்டுவிட்டு அந்த ராகத்தை மட்டும் பாடு என்று யாராவது சொல்வோமா? அலறல் இல்லாவிட்டால் அந்த ராகம் பிறந்தே இருக்காது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான் அம்மா. அந்த அழகான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து முழுப் பாட்டாக்கினால், நல்ல பாட்டாக இருக்கும். ஆனால் நீங்கள் மாடிப்படியில் நின்றிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. உள்ளே என்ன பாடுகிறார் என்று பயப்பட வேண்டாம். லீச் எழுதிய வரிகளில் வன்முறையோ ஆபாசமோ கிடையாது. நம்பிக்கை, அன்பு, ஒற்றுமை, தன்னைத் தானே திருத்திக்கொள்வது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த தடவை பையன் வரும்போது அந்தப் பாட்டை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்வான். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருப்பான்.

கும்பகோணத்திலிருந்து கிதார் வாசிக்கும் ஒரு வாசகர்: மெட்டல்கோரில் மெலடி சேர்த்தால் கனம் குறைந்துவிடும், கேட்பவர்களுக்காகச் செய்யும் சமரசம் அது என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வது பல ஆல்பங்களுக்குப் பொருந்தும். 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்' ஆல்பத்துக்குப் பொருந்தாது. ஏன் என்று உங்கள் கையிலிருக்கும் கிதாரை வைத்தே சொல்கிறேன்.

இந்த வகை இசையில் டிராப் சி என்று சுருதி இறக்கிக் கட்டுவார்கள். ஆறு தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, தடித்த தந்தியை மட்டும் இன்னும் ஒரு சுரம் கூடுதலாக இறக்குவது. சாதாரணமாக 82 ஹெர்ட்ஸில் இருக்கிற அந்தத் தந்தி 65 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். அப்புறம் ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் பவர் கார்டு. உங்களுக்குத் தெரியும், அதில் இருப்பது சட்ஜமமும் பஞ்சமமும்தான். காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிதாரில் காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் ஒலி குழம்பிப்போகும், அதனால் விட்டுவிடுவார்கள்.

ஆனால் காந்தாரம்தானே பாட்டு எந்த மனநிலையில் இருக்கிறது என்று காட்டுவது? சாதாரண காந்தாரம் வந்தால் ஒரு முகம், அந்தர காந்தாரம் வந்தால் வேறு முகம். ஆக, கீழே இடிக்கிற அந்தக் கனம் முகமில்லாமல் இருக்கிறது. கோபமா, துக்கமா, வீம்பா, தெரியாது. மேலே இரண்டாவது கிதாரோ குரலோ வந்து அந்தச் சுரத்தைத் தொட்டவுடன் கனத்துக்கு முகம் வருகிறது. இதைச் சமரசம் என்று எப்படிச் சொல்வது? மெலடி வருகிறவரை அந்த இடி எதற்கு இடிக்கிறது என்றே நமக்குத் தெரியாது.

இந்தப் பழக்கம் ஸ்வீடனிலிருந்து வந்தது. கோதன்பர்க் நகரத்தில் அட் தி கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் போன்ற குழுக்கள் 1990-களில் டெத் மெட்டல் என்கிற முரட்டு மெட்டல் வகையின் வேகத்துக்குள்ளேயே இரட்டைக் கிதார் மெட்டுகளை ஓடவிட்டார்கள். அட் தி கேட்ஸ் 1995-ல் வெளியிட்ட 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, பிறகு இதைக் கேளுங்கள். அண்ணன் தம்பி மாதிரி முகஜாடை தெரியும். கில்ஸ்விட்ச் அதனோடு வாய்விட்டுப் பாடுகிற பல்லவியைச் சேர்த்தது.

பிரேக்டவுன் பற்றியும், அதாவது பாட்டின் நடுவே அடிகளைக் குறைத்துக் கனமாக நிறுத்திவைக்கிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கனம் என்று பலர் நினைப்பது அதைத்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு நான் பல வருஷம் வீதியில் மைக் கட்டியிருக்கிறேன். தேர் ஓடும்போது அதன் கனம் நமக்குத் தெரியாது தம்பி. வீதி முனையில் திரும்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்துவார்கள். வடம் தளர்ந்து தரையில் கிடக்கும். கூட்டம் ஒரு நொடி அடங்கும். அப்புறம் "ஆரூரா, தியாகேசா" என்று குரல் எழும்பி வடம் இறுகும். இறுகிய பிறகும் தேர் உடனே நகராது. எங்கோ ஒரு மரம் முனகும். அந்த முனகலில்தான் எவ்வளவு பெரிய பாரம் நம் முன்னால் நிற்கிறது என்று வயிற்றில் தெரியும். அதற்கடுத்து சக்கரம் ஒரு சாண் உருளும்.

பிரேக்டவுனில் நடப்பது அதே கதைதான். காலப்பிரமாணம் மாறுவதில்லை. தவில்காரர் மேல்காலத்திலிருந்து கீழ்க்காலத்துக்கு இறங்குகிற மாதிரி, டிரம்ஸில் ஸ்னேர் என்கிற சின்ன முரசின் அடி பாதியாகக் குறைகிறது. கிதார்காரர் உள்ளங்கை ஓரத்தைத் தந்தியின் மேல் லேசாகப் படியவைத்து, ஒவ்வொரு அடியையும் அறுத்து அறுத்துக் கொடுக்கிறார். அடிகளுக்கு நடுவே விழுகிற மௌனம்தான் பாரமாக இறங்குகிறது. இந்த ஆல்பத்தில் அந்த இடங்கள் அளவாக வருகின்றன. ஓடிய தேர்தான் நிற்கிறது, நின்ற தேர்தான் நகர்கிறது. பின்னால் வந்த பல குழுக்கள் நாலு நிமிஷத்தில் ஆறு தடவை தேரை நிறுத்தினார்கள். அதில் எனக்கு ஈர்ப்பு இல்லை. கத்து, பாடு, கத்து, பாடு என்று கடிகாரம் வைத்த மாதிரி 2005-க்குப் பிறகு குவிந்த ஆல்பங்களைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் சமரசம் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே அவர்கள் சொல்வது நியாயம்.

ஒலிக்கலவை பற்றி ஒரு வார்த்தை, தொழில் அப்படி. இதைத் தயாரித்த ஆடம் டட்கிவிச்தான் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். ஆல்பம் முடிந்த பிறகு கிதாருக்கு மாறிவிட்டார். பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தவர். கலவை செய்தது இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்டி ஸ்னீப். கல்யாண மண்டபத்தில் நாகசுரம் கேட்கவில்லை என்றால் புதுப் பையன்கள் நாகசுர மைக்கை ஏற்றுவார்கள். பிறகு தவிலை ஏற்றுவார்கள். கடைசியில் விசில் அடிக்கும். அனுபவம் உள்ளவன் ஏற்ற மாட்டான், தவில் மைக்கில் எந்த ஒலி நாகசுரத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதை மட்டும் குறைப்பான். ஸ்னீப்பின் வேலையில் அந்தக் கை தெரிகிறது. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கிற முரசு, பேஸ் கிதார், இரண்டு கிதார், குரல், ஒவ்வொன்றுக்கும் உட்கார ஒரு திண்ணை இருக்கிறது.

திருமருகலிலிருந்து ஓய்வுபெற்ற நாகசுரக் கலைஞர்: பேரன் போட்டுக் காட்டினான். அந்தக் கத்தல் தொண்டையைக் கெடுக்காதா? எங்களுக்கு மூச்சும் தொண்டையும்தான் சோறு.

ஐயா, கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள். தெரியாமல் கத்தினால் கட்டாயம் கெடுக்கும். ஜெஸ்ஸி லீச்சுக்கே நடந்தது. இந்த ஆல்பம் வந்த வருஷமே, மேடை மேடையாகப் பாடியதில் குரலும் போய், மனச்சோர்வும் வந்து, குழுவை விட்டு விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஹவார்டு ஜோன்ஸ் வந்தார். பத்து வருஷம் கழித்து, 2012-ல் லீச் திரும்பி வந்தார். 2018-ல் குரல்நாண்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பேசுவதிலிருந்து பாடுவது வரை மறுபடி பழகினார்.

முறையாகச் செய்தால் உண்மையான குரல்நாண்களை உரசாமல், அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து அந்தக் கரகரப்பைக் கொண்டுவருவார்கள். பலம் வயிற்றிலிருந்து வர வேண்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்ற ஆசிரியை இப்படிக் கத்துகிறவர்களுக்கென்றே பாடம் நடத்தி, 2005-ல் ஒரு வீடியோ பாடமும் வெளியிட்டார். உங்கள் பேரன் இதைப் பாட ஆசைப்படுகிறான் என்றால், முதலில் உங்களிடம் மூச்சை நிறுத்திவிடப் பழகட்டும் ஐயா. சீவாளியில் நீங்கள் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று அவன் பார்க்கட்டும்.

லீச்சும் ஜோன்ஸும் பின்னாளில் ஒரே பாட்டில் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். 2019-ல் வந்த 'அடோன்மென்ட்' ஆல்பத்தில் இருக்கிறது. இடத்தை விட்டுக்கொடுத்தவரும், அந்த இடத்துக்கு வந்தவரும் அருகருகே நிற்கிறார்கள். இரட்டை நாயனம் வாசித்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

வலங்கைமானிலிருந்து ஒரு வாசகி: ஹவார்டு ஜோன்ஸ் பாடிய 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்' தான் சிறந்தது என்பேன். ஒப்புக்கொள்வீர்களா?

அதே குழுவின் ஆல்பம், 2004-ல் வந்தது. ஜோன்ஸின் குரல் இன்னும் தடிமன், இன்னும் உருக்கம். பல்லவிகள் பெரியவை. தலைப்புப் பாட்டு அமெரிக்காவின் கிராமி இசை விருதுக்கான பரிந்துரை வரை போனது. முதன்முதலாகக் கேட்கிற ஒருவருக்கு நானும் அதைத்தான் கொடுப்பேன். ஆனால் என் மனசு 2002-ல்தான் நிற்கிறது. அதில் கனமும் மெட்டும் ஒன்றையொன்று இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. 2004-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். தேடுகிற சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: இதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் எப்படி இருக்கும்?

வேண்டாம். கோயில் குழாய் பேச்சுக்கும் பக்திப் பாட்டுக்கும் செய்தது. அடி ஒலி அதில் பெரும்பாலும் வராது. 65 ஹெர்ட்ஸ் தந்தியைக் குழாயில் விட்டால் தகரத்தை உரசுகிற சத்தம்தான் மிஞ்சும். செல்போன் ஸ்பீக்கரும் அதே கதை. மன்னார்குடித் தாயாரின் வீட்டில் பாதிப் பிரச்சினை இதுவாகவே இருக்கலாம். 15 இஞ்ச் பாக்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், காதை நன்றாக மூடும் ஹெட்போன் போதும். சத்தத்தைக் குறைத்தே வைத்துக் கேளுங்கள். நல்ல கலவை குறைந்த சத்தத்திலும் கனமாகத்தான் இருக்கும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: இதற்கடுத்து என்ன கேட்கலாம்?

ஆஸ்திரேலியாவின் பார்க்வே டிரைவ் 2007-ல் தந்த 'ஹொரைசன்ஸ்'. அதையும் டட்கிவிச்தான் தயாரித்தார். அதில் பாடுகிற குரல் கிட்டத்தட்ட இல்லை. மெலடி முழுவதும் கிதாரில்தான்.

பிறகு, கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, இங்கிலாந்தின் ஆர்கிடெக்ட்ஸ் குழுவின் 'ஹோலி ஹெல்'. அவர்களுடைய கிதார் கலைஞர் டாம் சர்ல் 2016 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். வயது 28. டிரம்ஸ் வாசிக்கிற டான் அவருடைய இரட்டைச் சகோதரர். அந்த இழப்பிலிருந்து எழுந்த ஆல்பம் அது. 2018 நவம்பர் 9-ல் வெளியானது, நம் ஊருக்குக் கஜா வருவதற்கு ஒரு வாரம் முன்பு. நான் அதைக் கேட்டது ரொம்பப் பிறகுதான். கேட்டுவிட்டுக் கடை ஷட்டரை அன்று சீக்கிரமே இறக்கிவிட்டேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து நான்கு மாணவர்கள்: நாங்கள் இப்படி ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். பழகத்தான் இடமில்லை. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

என் குடோனுக்கு வாருங்கள். புயலுக்குப் பிறகு போட்ட புதுத் தகரம், உள்பக்கம் வைக்கோலும் பழைய சமுக்காளமும் கட்டியிருக்கிறேன். சத்தம் ரோட்டுக்கு அவ்வளவாகப் போகாது. பங்குனி, சித்திரையில் திருவிழா, வைகாசியில் கல்யாணம், அப்போது பாக்ஸ் எதுவும் இங்கே இருக்காது. மற்ற மாதங்களில் வாரநாள் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு சேனல் மிக்சர் ஒன்று சும்மா கிடக்கிறது. டிரம்ஸ் உங்களுடையது. காசு வேண்டாம். போகும்போது ஒயரை எட்டு மாதிரி மடித்துச் சுற்றிவைக்க வேண்டும், முறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். பாடுகிற பையன் யாரோ, அவன் வரும்போது ஒரு பாட்டில் வெந்நீர் கொண்டுவரட்டும்.